கிண்ணம் ஒரு நாளில் கிடைக்கும், பருவம் கிடைக்காது

ஆசிரியப் பெருமக்களையும் பெற்றோர்களையும் மனத்தில் கொண்டு இதனை எழுதுகிறேன். சிலருக்கு இது கசக்கலாம். கசப்பைச் சற்றே பொறுத்துக்கொண்டு இறுதிவரை படித்துவிட்டு, அதன் பிறகு என்னோடு வாதிடுங்கள்.

நம் ஜொகூர் மாநிலத்தின் தொழில்முறைக் காற்பந்துக் குழுவான ஜொகூர் டாருல் தக்சிம், சுருக்கமாக ஜே.டி.தி., 2014ஆம் ஆண்டு தொடங்கி 2024-25ஆம் பருவம் வரை மலேசிய சூப்பர் லீக் பட்டத்தைத் தொடர்ச்சியாக 11 முறை வென்றது. பத்து பாகாட் நகரில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். உணவுக் கடைகளிலும் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலும் சிவப்பும் நீலமும் கலந்த ஜெர்சி அணிந்த பிள்ளைகளைக் காணலாம். அவர்களுள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இருக்கின்றனர். எந்த ஆட்டக்காரர் எத்தனை கோல் போட்டார் என்பதை வாய்ப்பாட்டைவிட விரைவாக ஒப்பிக்கின்றனர். மகிழ்ச்சிதான், நானும் ஜொகூர்க்காரன்தான்.

ஆனால், ஒரு கேள்வி. இந்தக் குழுவின் வெற்றியிலிருந்து நம் தமிழ்ப்பள்ளிகள் கற்றுக்கொண்டது என்ன? கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து நிழற்படம் எடுத்துக்கொள்வதைக் கற்றுக்கொண்டோம். அந்தக் கிண்ணத்திற்கு முன்னால் இருக்கும் பருவத்தை நாம் கற்றுக்கொள்ளவே இல்லை. நாம் நம் பிள்ளைகளுக்கு நடத்துவதெல்லாம் ஒரு நாள் போட்டிகள். அந்த ஒரு நாள் போட்டிதான் நம் மாணவர்களின் விளையாட்டைக் கெடுக்கிறது என்பதே என் வாதம்.

பருவம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். 2024-25 சூப்பர் லீக்கில் 13 குழுக்கள் இருந்தன. ஒவ்வொரு குழுவும் மற்ற 12 குழுக்களையும் தன் சொந்தத் திடலில் ஒரு முறையும் எதிரியின் திடலில் ஒரு முறையும் சந்தித்தது. ஆகவே ஒரு குழுவுக்கு 24 ஆட்டங்கள். வென்றால் மூன்று புள்ளி, சமநிலையானால் ஒரு புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. மாதக் கணக்கில் நீளும் இந்தக் கணக்கின் முடிவில் யார் முதலிடத்தில் நிற்கிறாரோ அவரே வெற்றியாளர். ஒரு நாள் நன்றாக ஆடியவருக்கு இங்கே பட்டம் கிடைக்காது. ஒரு நாள் மோசமாக ஆடியவர் இங்கே வீட்டுக்கும் அனுப்பப்பட மாட்டார். அடுத்த வாரம் அவருக்கு இன்னோர் ஆட்டம் காத்திருக்கும். இதுதான் பருவத்தின் உயிர்நாடி.

ஜே.டி.தி.யின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985இலும் 1991இலும் மலேசியக் கிண்ணத்தை வென்ற மாநிலம் ஜொகூர். 1991இல் லீக் பட்டத்தையும் சேர்த்தே வென்றது. அதன் பின்னர் நீண்ட வறட்சி. 2012இல் துங்கு இஸ்மாயில் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2013ஆம் பருவத்திற்கு, ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் அணியில் இருந்த டேனி குய்சா, இத்தாலியின் லாசியோ குழுவில் ஆடிய சிமோனே டெல் நெரோ போன்ற பெரிய பெயர்கள் வந்திறங்கின. விளைந்தது என்ன? அந்த ஆண்டு லீக்கில் மூன்றாம் இடம். எப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் தோல்வி. சூப்பர் லீக் பட்டத்தைச் சிங்கப்பூரின் லயன்ஸ் பன்னிரண்டு குழு எடுத்துச் சென்றது.

2014இல் அர்ஜெண்டினாவின் பாப்லோ அய்மார் வந்தார். காயத்தின் காரணமாகச் சில ஆட்டங்களோடு விலகினார். அவர் போன பிறகும் பருவம் நின்றுவிடவில்லை. அவ்வாண்டுதான் ஜே.டி.தி. முதன்முதலாக லீக் பட்டத்தை வென்றது. ஆனால் அதே ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பகாங்கிடம் பினால்டி உதைகளில் தோற்றது. தோற்ற குழு மறு ஆண்டு, 2015 அக்டோபர் 31ஆம் நாள், தஜிகிஸ்தானின் டுஷன்பே நகரில் இஸ்திக்லோல் குழுவை 1-0 என்று வென்று ஏஎப்சி கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் மலேசியக் குழு அதுவே. 2023ஆம் பருவத்தில் 26 லீக் ஆட்டங்களிலும் 2024-25ஆம் பருவத்தில் 24 லீக் ஆட்டங்களிலும் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பணம் இருக்கிறது, வென்றார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பணம் இருக்கிறதுதான், 2020இல் இஸ்கண்டார் புத்திரியில் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் விளையாட்டரங்கைப் பார்த்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார். ஆயினும் 2013லும் பணம் இருந்தது. கிண்ணம் வரவில்லை. தோல்விக்குப் பிறகு அடுத்த ஆட்டம், அடுத்த ஆட்டத்திற்குப் பிறகு அடுத்த பருவம் என்று தொடர்ந்து ஆட இடம் இருந்ததால்தான் அந்தக் குழு வளர்ந்தது. 2013இல் தோற்றவுடன் "போய் வாருங்கள், அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்? அதைத்தான் நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் போட்டிகளை ஒரு முறை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான எழுவர் காற்பந்துப் போட்டி. ஒரு சனிக்கிழமை. ஒரு பெரிய பதாகை. பதாகையில் பந்தைவிடப் பெரிதாக ஆதரவாளர்களின் முகங்கள். 16 பள்ளிகள் வருகின்றன. தோற்றால் வெளியேற்றம். ஓர் ஆட்டம் பாதிக்கு ஏழு நிமிடமாக மொத்தம் 14 நிமிடம்.

இப்போது கணக்குப் போடுவோம், நாம் ஆசிரியர்கள்தாமே. 16 குழுக்கள், தோற்றால் வெளியேற்றம் என்றால் மொத்தம் 15 ஆட்டங்கள். முதல் சுற்றிலேயே எட்டுப் பள்ளிகள் முடிந்துவிடும். ஒரு குழுவுக்குப் பத்துப் பேர் என்று வைத்தால், வந்த 160 பிள்ளைகளில் 80 பேர் 14 நிமிடத்திற்கு மேல் ஆடுவதில்லை. மாற்று ஆட்டக்காரர்களாக அமர்ந்திருக்கும் மூவர் பந்தைத் தொடாமலேயே திரும்புவதும் உண்டு. இரண்டாம் சுற்றில் இன்னும் நான்கு பள்ளிகள் வெளியேறும். இறுதியாட்டம் வரை போகும் இரண்டு பள்ளிகள் மட்டுமே நான்கு ஆட்டங்கள் ஆடும். அவையோ பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கை மிகுந்த பள்ளிகள். ஏற்கெனவே நன்றாக ஆடுபவர்கள். ஆக, மிகவும் பயிற்சி தேவைப்படும் பிள்ளைக்கு மிகக் குறைந்த ஆட்டம். பயிற்சி தேவையில்லாத பிள்ளைக்கு மிக அதிக ஆட்டம். வகுப்பறையில் எந்த ஆசிரியராவது இப்படிக் கற்பிப்பாரா? வாசிக்கத் தடுமாறும் மாணவனை ஒரு வரி வாசித்தவுடன் "நீ போகலாம்" என்று அனுப்பிவிட்டு, சரளமாக வாசிப்பவனுக்கு மட்டும் நான்கு பக்கம் கொடுப்பாரா?

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படிப்பட்ட ஒரு போட்டிக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். முந்தைய இரவு காலணியைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியதாக அவன் தாயார் சொன்னார். காலை ஐந்தரைக்கு வேன் ஏறினோம். ஒன்பதே முக்காலுக்கு எங்கள் ஆட்டம். பத்து மணிக்கெல்லாம் தோற்றுவிட்டோம். அதன் பிறகு மாலை நான்கு மணி வரை, பரிசளிப்பு விழா முடியும்வரை, கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தோம். ஏனென்றால் பங்கேற்புச் சான்றிதழ் விழா முடிவில்தான் கிடைக்கும். சிறப்பு விருந்தினரின் உரை நாற்பது நிமிடம் நீண்டது. விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும் என்று அவர் பேசினார். "சார், அவர் பேசின நேரத்துல நாம ரெண்டு ஆட்டம் ஆடியிருக்கலாமே" என்றான் அந்தச் சிறுவன். அவனுடைய கணிதம் சரியாக இருந்தது.

ஏற்பாட்டாளர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கூடாரம், தண்ணீர், உணவு, நடுவர், முதலுதவி என்று அலைந்து திரிந்து அந்த ஒரு நாளை நடத்துகிறார்கள். என் கேள்வி, அவ்வளவு உழைப்பும் அவ்வளவு பணமும் ஏன் ஒரே நாளில் எரிந்து அணைய வேண்டும் என்பதே.

ஒரு நாள் போட்டி பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தோல்வி என்றால் முடிவு என்று கற்றுக்கொடுக்கிறது. பந்தைத் தவறவிட்ட காப்பாளன் அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ள அடுத்த வாரம் இல்லை. அடுத்த ஆண்டுதான் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு அதுவும் இல்லை. பதற்றத்தில் பயிற்றுநராகிய ஆசிரியரும் வலிமையான ஏழு பேரையே கடைசிவரை ஆடவிடுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது; ஒரு கோல் விழுந்தால் ஆண்டே முடிந்துவிடும் அல்லவா? பருவத்தில் அந்த அச்சம் இல்லை. பதினான்கு ஆட்டம் இருக்கும்போது மெலிந்த பிள்ளைக்கும் ஓர் ஆட்டம் கொடுக்கலாம். முன்னால் ஆடியவனைப் பின்னால் நிறுத்திப் பார்க்கலாம்.

தேசியக் குழுவில் விரைந்தோடும் வலப்புற ஆட்டக்காரராகப் பெயர் பெற்ற எஸ். குணாலன், ஜே.டி.தி.யில் வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராகப் பல பருவங்கள் ஆடினார். இப்படி ஓர் ஆட்டக்காரரை இடம் மாற்றி, அவர் அந்த இடத்தில் பழகும்வரை பொறுத்திருக்க வேண்டுமானால் பருவம் வேண்டும். பதினான்கு நிமிடத்தில் யாரை எங்கே மாற்றிப் பார்ப்பது?

இது காற்பந்தோடு நின்றுவிடும் குறையன்று. நாம் விழாக்களில் வல்லவர்கள். ஒரு நாள் என்றால் உயிரைக் கொடுத்து உழைப்போம். மறுநாள் திடலில் யாரும் இருக்க மாட்டோம். இதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி, மீபா என்று நாம் அழைத்த குழு, 2017இல் பிரிமியர் லீக்கில் நுழைந்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிற்கே உயர்ந்தது. நாட்டின் உச்ச லீக்கில் நம் சமூகத்திலிருந்து எழுந்த ஒரு குழு. அன்று எத்தனை வாழ்த்துகள், எத்தனை பெருமிதம்! கே. தேவன், பி. மணியம் ஆகிய பயிற்றுநர்கள் அதனை வழிநடத்தினர். 2022ஆம் பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இன்றி, உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டு அக்குழு சூப்பர் லீக்கில் ஆடியது. மற்றக் குழுக்கள் பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஆள் தேடிய வேளையில் இது சிறிய செயலன்று. அந்தப் பருவத்தின் முடிவில் அக்குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

விலகியதற்கு உரிமையாளர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் இருக்கலாம். நான் நம்மைக் கேட்கிறேன். அந்த நான்கு பருவங்களில் கிளானா ஜெயாவில் இருந்த அதன் திடலுக்கு நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம்? எத்தனை பள்ளிகள் ஒரு பேருந்தை ஏற்பாடு செய்தன? உயர்வு பெற்ற நாளில் வாழ்த்துச் செய்தி அனுப்பிய கைகள், சாதாரண ஒரு வார நாள் ஆட்டத்திற்கு நுழைவுச் சீட்டு வாங்கினவா? விழாவுக்கு வந்த கூட்டம் பருவத்துக்கு வரவில்லை.

பருவத்தைத் தாங்க முடியாத நோய் நமக்கு மட்டும் வாய்த்ததன்று. நாட்டின் காற்பந்துக்கே இருக்கிறது. 2022இன் முடிவில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய குழுக்களுக்கு அடுத்த பருவத்திற்கான உரிமம் கிடைக்கவில்லை. 2025இல் ஸ்ரீ பகாங், பேராக் ஆகியவை விலகின. கெடாவுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. இவை கிண்ணங்களும் வரலாறும் உள்ள மாநிலங்களின் குழுக்கள். மாதா மாதம் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்துப் பருவத்தை முடிக்கும் ஒழுங்கு இல்லாவிட்டால் பழம்பெருமை சோறு போடாது.

குறுக்கு வழியின் கதையையும் நாம் கண்டோம். 2025 ஜூன் 10ஆம் நாள் தேசியக் குழு வியட்நாமை 4-0 என்று வென்றபோது நாடே கொண்டாடியது. அதே ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்து தேசியக் குழுவில் சேர்க்கப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் பொய்யானவை என்று கூறி, பிபா அவர்களுக்கு ஆட்டத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு அபராதமும் விதித்தது. மலேசியாவில் பிறந்ததாகக் காட்டப்பட்ட தாத்தா பாட்டிகள் அர்ஜெண்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிறந்தவர்கள் என்பது பிபாவின் முடிவு. அந்த எழுவருள் மூவர் நம் ஜொகூர் குழுவுக்கு ஆடியவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திடலில் பதினைந்து ஆண்டுகள் விதைத்து அறுக்க வேண்டியதை ஒரே இரவில் வாங்க நினைத்தால் இப்படித்தான் முடியும். பெரியவர்கள் அந்த அவசரத்தைப் பள்ளித் திடலில் நடக்கும் ஒரு நாள் கிண்ணங்களிலிருந்தே கற்றுக்கொள்கிறார்களோ என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

"நம் ஆட்கள் ஆடிய காலம் போய்விட்டது" என்று பெருமூச்சு விடுபவர்கள் உள்ளனர். எம். சந்திரன் தலைமையில் மலேசியக் குழு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காப்பாளர் ஆர். ஆறுமுகம். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோதுதான் 2009 சீ விளையாட்டுத் தங்கமும், 2010இல் நாட்டின் முதல் சுசுகி கிண்ணமும் வந்தன. பெருமைதான்.

ஆனால் அந்தத் தலைமுறையில் நம் பிள்ளைகள் எப்படி ஆடிப் பழகினர் என்பதைப் பாட்டன்மாரிடம் கேளுங்கள். யோங் பெங், ஆயர் ஈத்தாம், ஸ்ரீ காடிங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் சொல்வார்கள். வேலை முடிந்த மாலை தோறும் தோட்டத்துத் திடலில் ஆட்டம். இன்று தோற்றவன் நாளை மீண்டும் ஆடுவான். அண்டைத் தோட்டத்தோடு இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே. அதற்குப் பெயர் வைக்காமலேயே அவர்கள் ஒரு பருவத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தனர். திடல் உடன் வரவில்லை. இன்று பல பிள்ளைகளுக்குப் பந்தை உதைக்கக் கிடைக்கும் ஒரே புல்வெளி பள்ளித் திடல்தான். அதையும் நாம் ஆண்டுக்கு 14 நிமிடமாகச் சுருக்கிவிட்டோம்.

எதிர்வாதங்களை நான் அறிவேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"தேர்வு இருக்கிறதே" என்பார்கள். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்தத் தேர்வு இருந்த காலத்தில் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கடன் வாங்கினோம். தேர்வு போய்விட்டது, கடனை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. உடற்கல்வி பாடத்திட்டத்தில் உள்ள பாடம். அதனைப் பறிப்பது மாணவனுக்குச் சட்டப்படி உரியதைப் பறிப்பதாகும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் கால அட்டவணையில் அந்தப் பாடவேளை முறையாக நடக்கிறதா என்று பள்ளியில் பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

"எங்கள் பள்ளியில் மாணவர்களே இல்லையே" என்பார்கள். உண்மை. நம் பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. ஏழு பேர் சேராவிட்டால் ஐந்து பேர் ஆடட்டும். ஐவரும் சேராவிட்டால் அண்டையிலுள்ள இரு சிறு பள்ளிகள் ஒரே குழுவாக இணையட்டும். பெண் பிள்ளைகளையும் சேர்த்து ஆடவிடுங்கள். பத்து வயதில் ஓடும் வேகத்தில் ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை என்பதை எந்த உடற்கல்வி ஆசிரியரும் சொல்வார். சிறு பள்ளிக்குத்தான் பருவம் மிகவும் தேவை. ஒரு நாள் போட்டியில் அது முதல் சுற்றோடு மறைந்துவிடும். லீக் பட்டியலில் அதன் பெயர் ஆண்டு முழுவதும் நிற்கும்.

"செலவு" என்பார்கள். ஒரு நாள் போட்டியின் வரவு செலவுக் கணக்கை எடுத்து வாருங்கள். கூடாரம், மேடை, ஒலிபெருக்கி, பதாகை, மாலை, பொன்னாடை, ஆள் உயரக் கிண்ணம். இவற்றில் எதுவும் பந்தன்று. பருவத்திற்குப் பந்தும் கோல் கம்பமும் சுண்ணாம்புக் கோடும் ஊதுகுழலும் போதும். பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோரின் மூன்று கார்கள் போதும். பத்து பாகாட்டிலிருந்து மூவாரும் குளுவாங்கும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான்.

"என்ன ஆடினாலும் நம் பிள்ளைகளுக்கு மேலே இடம் கிடைக்காது" என்று சிலர் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். தேர்வுகளில் பாரபட்சம் உண்டா இல்லையா என்பது பெரிய விவாதம். அதை விவாதிக்க வேண்டிய இடத்தில் உரக்கவே விவாதிப்போம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் திடலைப் பூட்டிவைக்க அதை ஒரு சாவியாகப் பயன்படுத்தாதீர்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்கள் பெருகிவரும் லீக்கில் எந்த இனத்து உள்ளூர்ப் பிள்ளைக்கும் கதவு குறுகலாகத்தான் இருக்கிறது. நான் பருவம் கேட்பது ஜே.டி.தி.க்கு ஆள் அனுப்புவதற்காகவா? அனுப்ப முடிந்தால் மகிழ்ச்சி. முடியாவிட்டாலும் என் கோரிக்கை மாறாது. சனிக்கிழமை தோற்றுவிட்டுத் திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்து அடுத்த சனிக்கிழமை மீண்டும் நிற்கும் பிள்ளை, கணிதத்தில் ஒரு முறை தவறினாலும் புத்தகத்தை மூடிவிட மாட்டான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, ஒரு திறன் பலமுறை செய்வதால்தான் கைவரும் என்பது. எழுத்துக்கு அதை நம்புகிறோம். காலுக்கு ஏன் நம்ப மறுக்கிறோம்?

இனி என் முன்மொழிவு. பத்து பாகாட், மூவார், குளுவாங் மாவட்டங்களிலிருந்து எட்டுத் தமிழ்ப்பள்ளிகள் முன்வரட்டும். ஒவ்வொரு பள்ளியும் மற்ற ஏழு பள்ளிகளையும் தன் திடலில் ஒரு முறை, அவர்கள் திடலில் ஒரு முறை சந்திக்கட்டும். பதினான்கு சனிக்கிழமைகள். ஒரு காலையில் நான்கு பள்ளிகளில் நான்கு ஆட்டங்கள். காலை எட்டரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முன் முடிந்துவிடும். ஓர் ஆட்டம் 20 நிமிடம். ஒரு பள்ளிக்கு ஆண்டில் 280 நிமிடம். இப்போது முதல் சுற்றில் தோற்கும் பள்ளிக்குக் கிடைப்பது 14 நிமிடம். இருபது மடங்கு! குழுவில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது ஐந்து நிமிடமாவது ஆட வேண்டும் என்பது விதியாகட்டும். புள்ளிப் பட்டியலை வாரந்தோறும் மாணவர்களே எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கூட்டல், கழித்தல், கோல் வேறுபாடு எல்லாம் அதில் அடங்கும். ஆட்டச் செய்தியை ஐந்தாம் ஆண்டு மாணவர் தமிழில் எழுதட்டும். கட்டுரைப் பயிற்சிக்கு அதைவிடச் சுவையான தலைப்பு உண்டா?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆதரவாளர்கள் உங்களைத் தேடி வருவார்கள். ஒரு நாள் விழாவுக்குப் பணம் தருவார்கள். அந்தப் பணத்தை மறுக்காதீர்கள். "ஐயா, இதே தொகையைப் பதினான்கு வாரங்களுக்குப் பிரித்துத் தாருங்கள். உங்கள் பெயரைப் பதினான்கு முறை சொல்கிறோம்" என்று கூறிப் பாருங்கள். உண்மையில் பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர் ஒப்புக்கொள்வார். மேடையின்மேல் மட்டும் அக்கறை உள்ளவர் யார் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவை அவற்றின் இடத்தில் நடக்கட்டும். நமக்கு நாமே ஏற்பாடு செய்துகொள்ளும் போட்டிகளையாவது பருவமாக மாற்றுவோம் என்கிறேன். அதற்கு அமைச்சின் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. தலைமையாசிரியர்கள் எண்மர் ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தும் நேரத்தில் அட்டவணையைப் போட்டுவிடலாம்.

ஜே.டி.தி. ஜெர்சியைப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுக்கும் பெற்றோரே, வாங்கிக்கொடுங்கள். இஸ்கண்டார் புத்திரிக்கு அழைத்துச் சென்று ஓர் ஆட்டத்தையும் காட்டுங்கள். ஆனால் அந்த ஜெர்சியை அணிந்து பிள்ளை பார்வையாளனாகவே வளர்ந்தால், அடுத்தவர் உழைப்பின் நிறத்தை உடுத்திக்கொண்டவனாகவே இருப்பான். அவனுக்கென்று ஒரு பட்டியல், அவனுக்கென்று ஓர் எதிரணி, தோற்ற பிறகும் அவனுக்கென்று அடுத்த சனிக்கிழமை ஆகியவற்றை நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

உங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டுத் திட்ட நாட்காட்டி தயாராகும்போது, விழாக்களைக் குறிப்பதற்கு முன்பாகப் பதினான்கு சனிக்கிழமைகளைக் குறித்துவையுங்கள். எட்டில் ஒரு பள்ளியாக எங்கள் பள்ளியின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் ஏழு பள்ளிகள் வேண்டும்.